நூறு, இருநூறு

நந்தம்பாக்கம் வணிக மையம், இரண்டாம் அரங்கு,
ஸ்டால் பி-47.
வெளியே சித்திரை வெயில்,
உள்ளே பதினெட்டு டிகிரி.
அந்தக் குளிரில் மிளகாய்க்கு வாசனை எழவில்லை.
மஞ்சள் வெறும் நிறமாக உட்கார்ந்திருந்தது.

திறந்த மாதிரிகள் வைக்கக் கூடாது, விதி பதினொன்று.
எல்லாம் மூடிய கண்ணாடிக் குப்பிகளில்.
தலைக்கு மேல் ஃப்ளெக்ஸில்
கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது.
கடுகு நாங்கள் ஏற்றுமதி செய்வதில்லை.
பழமொழி நன்றாயிருந்தது,
விட்டுவிட்டோம்.

என் வேலை எண்களைச் சொல்வது.
ஈரப்பதம் பத்தரை.
பூஞ்சை நச்சு நான்கு,
அதாவது நூறு கோடியில் நான்கு பங்கு.
அத்தனை சிறியதை நான் கண்ணால் பார்த்ததில்லை.
ஆனால் போன தை மாதம்
ஒரு கன்டெய்னரையே அது திருப்பி அனுப்பியது.
நான்கு என்றது மாதவரத்தில் என் கருவி,
ஏழு என்றது அந்தத் துறைமுகத்தின் கருவி.
கப்பல் எதை நம்பும் என்று கேட்க வேண்டியதில்லை.
பதிமூன்று டன் முண்டு வத்தல்
கடலைப் பார்த்துவிட்டுக் கிடங்குக்கே வந்தது.
முதலாளி சேர்மக்கனி அக்கா
அன்று ஒன்றும் பேசவில்லை,
என்னிடம் டீ மட்டும் கேட்டார்,
சர்க்கரை இல்லாமல்.

மூன்றாம் நாள் பிற்பகல் வந்தார் போலந்துக்காரர்.
பெயர்ப்பட்டையில்
உயிரே இல்லாத மெய்யெழுத்துக் கூட்டம்.
தொத்திறைச்சி ஆலை வைத்திருக்கிறாராம்.
ஈரப்பதம் சொன்னேன், தலையசைத்தார்.
நச்சு சொன்னேன், அதே தலையசைப்பு.
நிற மதிப்பு சொல்லுமுன்
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

விதி பதினொன்று, என்றேன்.
அதற்குள் அக்கா
கைப்பையிலிருந்து ஒரு குண்டு வத்தலை எடுத்து
காதருகே குலுக்கி, விதை சத்தம் கேட்டு,
அவர் முகத்துக்கு நேரே உடைத்தார்.

தும்மினார் பாருங்கள்,
பக்கத்து ஸ்டால் குங்குமப்பூவில் பாதி பறந்திருக்கும்.
"நூறு!" என்றார் அக்கா.
பழக்கம்.
மொழிபெயர்க்க வந்திருந்த பிரணீத், கடமை தவறாமல்,
ஹண்ட்ரட் என்றான்.
மனிதர் குறிப்பேட்டில் எழுதினார்: 100.
மறுபடி தும்மினார்.
"இருநூறு!"
அதை அடித்துவிட்டு எழுதினார்: 200.
கண்ணில் நீரோடு நிமிர்ந்து கேட்டார்:
டன்னா, டாலரா?

வயது, என்றேன்.
பிள்ளைகள் தும்மினால் சொல்வது,
நூறு வருஷம் இரு என்று.
இரண்டாவது தும்மலுக்கு இருநூறு.
பட்டியலில் இல்லாத சரக்கு, விலை கிடையாது.

அவர் சிரிக்கவில்லை.
கைக்குட்டையை மடித்தார்.
ஸ்தோ லாத், என்றார்.
எங்கள் ஊரிலும் தும்மினால் சொல்வோம்,
நூறு வருஷம் என்றுதான் அர்த்தம்,
ஆனால் நூறோடு நிறுத்திக்கொள்வோம்.
நீங்கள் தாராளம்.

ஆர்டர் தந்தாரா என்று ஊரிலிருந்து
அக்காவின் கணவர் இரண்டு முறை போன் செய்தார்.
தரவில்லை.
ஒரு குப்பி எடுத்துப் போனார்.
அவர் ஊர்க் கருவி ஒன்று சொல்லும்,
அது நான்காக இருக்கட்டும்.
குறிப்பேட்டில் அந்த 200 அடிபடாமல் இருந்ததை
நான் பார்த்தேன்.
அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஆறரைக்கு ஏசியை நிறுத்தினார்கள்.
ஷட்டர் ஏறியதும்
பூந்தமல்லி சாலையின் வெக்கை உள்ளே வந்தது.
மிளகாய்க்கு அப்போதுதான் உயிர் வந்தது.
தனியா, சீரகம், சோம்பு, எல்லாம் ஒன்றாக எழுந்து
ஆளில்லாத அரங்கைச் சுற்றின.
வாங்குபவர்கள் ஹோட்டலுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

உடைந்த வத்தலைக் கூட்டிக்கொண்டிருந்த
நீலச் சீருடை அம்மா தும்மினார்.
அக்கா போனில் இருந்தார்.
குப்பிகளை எண்ணிக்கொண்டிருந்த நான்
கணக்கு தவறிச் சொன்னேன்: நூறு.

துடைப்பத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
"அவ்ளோல்லாம் வேணாம்மா,
எட்டு மணி மாங்காடு பஸ்ஸு கெடைச்சா போதும்."